ஒரு சுவர், இரண்டு சாம்ராஜ்யம்

சென்னை ராஜாஜி சாலையில் எப்போதாவது பஸ்ஸில் போயிருப்பீர்கள். பாரிமுனை தாண்டி, கடற்கரை ரயில் நிலையத்தைத் தாண்டி நேராக ராயபுரம் நோக்கிப் போகிற சாலை. ஒரு பக்கம் தபால் ஆபீஸ், பேங்க் கட்டடங்கள், எல்லாம் செக்கச்செவேலென்று வெள்ளைக்காரன் காலத்து கம்பீரம். எதிர்ப்பக்கம் துறைமுகத்தின் நீண்ட சுவர். சுவருக்குப் பின்னால் கிரேன்களின் தலை மட்டும் தெரியும்.

அந்தச் சுவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அது இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே இருக்கிற எல்லைக்கோடு.

சுவருக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு மருந்து எல்லாம் ரிப்பன் மாளிகையின் பாடு. சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகம். அதற்கென்று தனி ரயில், தனி ஆஸ்பத்திரி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவல். முதலாளி டெல்லி. நம் அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் பட்டியலில் இருக்கும். உள்ளாட்சி, மாநிலப் பட்டியலில் இருக்கும். ஒரே ஊர், ஒரே கடற்கரை, ஒரே காற்று. சாசனத்தில் மட்டும் வேறு வேறு பக்கம்.

சரி, இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. நீங்கள் மெரினாவில் கால் நனைக்கப் போகும்போது அவ்வளவு தூரம் மணலில் நடக்கிறீர்களே, அதுவும் இந்தக் கதைதான். வடசென்னையில் தெருவே கடலுக்குள் போனது என்று செய்தி படிக்கிறீர்களே, அதுவும் இந்தக் கதைதான். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு லேட்டாகப் போகிறீர்களே, சாட்சாத் இதே கதைதான்.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1639. பிரான்சிஸ் டே என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, கோட்டை கட்டுவதற்கு நம் கடற்கரையில் ஓர் இடம் பிடித்தார். வியாபாரத்துக்கு இடம் தேடுகிறவன் எதை முதலில் பார்க்க வேண்டும்? கப்பல் நிற்க இடம் இருக்கிறதா என்று. இங்கே அது மட்டும்தான் இல்லை! வளைகுடா கிடையாது. ஆழமான கழிமுகம் கிடையாது. வெறும் நேர்க்கோட்டுக் கடற்கரை. அதில் இரவு பகலாக மோதும் அலை. துணி மலிவாகக் கிடைத்தது என்கிற ஒரே தைரியத்தில் கடை விரித்தார்கள்.

கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் சரி, மனிதர்களும் சரி, மசூலா படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கி அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். சீமையிலிருந்து ஆறு மாதம் பயணம் செய்து வந்த துரைமார்கள், கடைசி ஒரு மைலில்தான் கடவுளை நினைத்தார்கள். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் நம்மாட்களின் தோளில் ஏறி மெட்ராசில் இறங்க வேண்டும். கவர்னராக இருந்தாலும் சட்டை நனையாமல் தப்பிக்க முடியாது.

ஆக, துறைமுகமே இல்லாத துறைமுகப் பட்டினம். ஆனால் அந்த ஊருக்கு ஒரு மாநகராட்சி மட்டும் அவசரமாக வந்துவிட்டது. 1687 டிசம்பரில் சாசனம். 1688 செப்டம்பர் 29 அன்று பதவியேற்பு. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இந்தியாவின் முதல் மாநகராட்சி.

எதற்கு இவ்வளவு அவசரம்? ஜனநாயகத்தின் மேல் காதலா? அதெல்லாம் ஒன்றுமில்லை. வரி! லண்டனில் கம்பெனியை ஆட்டிப்படைத்த சர் ஜோசையா சைல்டு போட்ட கணக்கு அது. கோட்டைக்காரன் நேராகப் போய் வரி கேட்டால் ஊர்க்காரன் முறைப்பான். அவன் ஆட்களையே சபையில் உட்காரவைத்து, நீங்களே வரியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால்? முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுவான். அதனால் சபையில் வெள்ளைக்காரர்களோடு உள்ளூர் ஆட்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கிறவனுக்கு ஒரு நாற்காலி போட்டாக வேண்டும் என்பது 1688ல் ஒரு வியாபாரிக்குப் புரிந்திருந்தது. பின்னால் இதே விஷயத்துக்கு வருவோம்.

இருநூறு வருஷம் அலையோடு மல்லுக்கட்டினார்கள். சரக்கு நனைகிறது, படகு கவிழ்கிறது என்று வியாபாரிகள் புலம்பிப் புலம்பி, 1861ல் கடலுக்குள் நீட்டிய ஓர் இரும்புப் பாலம் வந்தது. 1868லும் 1872லும் புயலிடம் செம அடி வாங்கியது. சரி, உருப்படியாக ஒரு துறைமுகமே கட்டிவிடலாம் என்று பார்க்ஸ் என்கிற இன்ஜினீயர் படம் போட்டார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி, நடுவே அமைதியான தண்ணீரை அணைத்துப் பிடிக்கிற மாதிரி கற்சுவர்கள். 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார்.

ஆறு வருஷம் பாடுபட்டுக் கட்டினார்கள். 1881 நவம்பர் 12. ஒரு புயல். அலைதடுப்புச் சுவர்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. ஒரே ராத்திரியில் ஆறு வருஷ உழைப்பு காலி. விடுவார்களா? மறுபடியும் கட்டினார்கள். 1886ல் துறைமுகத்தைக் கவனிக்கத் தனி வாரியம். 1905ல் அதுவே சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம். ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்கிற 'போர்ட் டிரஸ்ட்'. அதை ஆளாக்கிவிட்டவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904 முதல் 1919 வரை அவர்தான் எல்லாம். கிழக்கே இருந்த வாசலை மூடி வடகிழக்கில் திறந்ததெல்லாம் அவர் கைங்கரியம்.

வாரியத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள்? சர்க்கார் அதிகாரிகள், வர்த்தக சங்கத்து முதலாளிகள். கப்பல் சரக்குக்குக் கூலி கொடுக்கிறவர்கள் அவர்கள்தானே. நியாயம்தான். ஆனால் துறைமுகத்தால் பாதிக்கப்படப்போவது சரக்கு அனுப்புகிறவர்கள் மட்டும்தானா?

இங்கேதான் மணல் கதைக்குள் வருகிறது.

நம் வங்கக் கடலோரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மணல் சும்மா கிடக்காது. வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் சாய்வாக வந்து கரையில் மோத, மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் லட்சக்கணக்கான டன். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றின் குறுக்கே ஒரு சுவர் வைத்தால் என்ன ஆகும்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே பட்டினி.

அப்படியே நடந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்குப் பக்கத்தில் அலை அடித்த காலம் உண்டு. துறைமுகச் சுவர் வந்ததும் தெற்கே மணல் குவிய ஆரம்பித்தது. கடல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அப்போது கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் ரசனையுள்ள மனிதர். புதிதாகக் கிடைத்த கரையோரத்தில் 1884ல் ஓர் உலாச்சாலை போட்டு, இத்தாலிய ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். உலகமே வியக்கும் நம் கடற்கரையின் அகலம், துறைமுகம் போட்ட பிச்சை. மன்னிக்கவும், துறைமுகம் தெரியாமல் கொடுத்த சீதனம்.

சீதனம் யார் வீட்டிலிருந்து வந்தது? வடக்கு வீட்டிலிருந்து. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கரைக்கு வரவேண்டிய மணல் வராமலேயே நின்றது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. குடிசைகள் போயின. தெருக்கள் போயின. வலை உலர்த்திய மணல்வெளி போயிற்று. கரையைக் காப்பாற்றப் பாறாங்கல்லை வரிசையாகக் கொட்டினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகள் வந்தன. கல் கொட்டினால் அலை நிற்கலாம். படகை இழுத்து ஏற்ற மணல்? அது கிடைக்காது.

இந்தக் கல்லைக் கொட்டியது யார்? துறைமுகமா, மாநகராட்சியா? பெரும்பாலும் மாநில அரசின் பொதுப்பணித் துறை! சுவரைக் கட்டியவர் ஒருவர். வீட்டு வரி வாங்குகிறவர் ஒருவர். கல் கொட்டுகிறவர் மூன்றாமவர். கடலிடம் வீட்டைப் பறிகொடுத்தவர் எந்தக் கதவைத் தட்டுவார், சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில்தான் கூவம் கடலில் கலக்கிறது. கலக்க வேண்டும். ஆனால் அங்கே தேங்குகிற மணல் ஆற்றின் வாயை அடைத்துக்கொள்கிறது. தோண்டுவார்கள், மறுபடி அடைக்கும். கூவத்தின் நாற்றத்துக்குச் சாக்கடை எவ்வளவு காரணமோ, அதற்கடுத்து இந்த அடைப்பும் காரணம். ஊர் மழைத் தண்ணீரெல்லாம் எங்கே போய் விழுகிறது? கூவத்தில். பெருமழை நாளில் முகத்துவாரம் மூடியிருந்தால் என்ன ஆகும் என்று சென்னைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பின்னல் இருக்கிற இரண்டு அமைப்புகள் அடிக்கடி உட்கார்ந்து பேச வேண்டுமா, வேண்டாமா? பேச ஆள் இருந்தால்தானே!

சுதந்திரத்துக்குப் பிறகு துறைமுகம் கிடுகிடுவென்று வளர்ந்தது. 1964ல் ஜவஹர் துறை. 1970களில் எண்ணெய்க் கப்பல்களுக்கும் இரும்புத் தாதுக்கும் பாரதி துறை. 1983ல் கன்டெய்னர் முனையம். மூட்டை தூக்கிய காலம் போய், பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்குகிற காலம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லாரி. ஒவ்வொரு லாரிக்கும் ஊருக்குள் ஒரு பாதை.

இதே காலத்தில் ரிப்பன் மாளிகையில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மஸ்டர் ரோல் ஊழல் என்று களேபரமாகி, 1973ல் மாமன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 1996! இருபத்து மூன்று வருஷம் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகள் ஆட்சி. சென்னையின் சாலைகளை நிரந்தரமாக மாற்றப்போகிற கன்டெய்னர், கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத ஊருக்குள் வந்து இறங்கியது. இருந்திருந்தால் மட்டும் கிழித்திருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. ஆனால், "எங்க தெரு வழியா எத்தனை லாரி போகும்?" என்று சபையில் ஒருவராவது எழுந்து கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு ஒரு கோப்பாவது இருந்திருக்கும்.

சபையில் கேட்க முடியாத கேள்வி கோர்ட்டில்தான் வந்து நிற்கும். நிலக்கரி விஷயத்தில் அதுதான் நடந்தது. துறைமுகத்தில் இறங்குகிற நிலக்கரியின் தூசி ராயபுரத்து வீட்டுத் தரையில், காயப்போட்ட துணியில், மூக்கில், நெஞ்சில் எல்லாம் படிந்தது. உயர் நீதிமன்றமே துறைமுகத்துக்கு எதிரில்தானே இருக்கிறது! 2011 மே மாதம் தீர்ப்பு வந்தது. அக்டோபர் 1 முதல் நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசி பறக்கும் சரக்குகளை சென்னையில் கையாளக் கூடாது, எண்ணூருக்குக் கொண்டுபோ. ராயபுரம் மூச்சு விட்டது.

எண்ணூர்? 2001லிருந்தே அங்கே அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கும் தனித் துறைமுகம் இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அந்தப் பாரத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. வேடிக்கையைப் பாருங்கள். அதே 2011 அக்டோபரில்தான், எல்லை விரித்த சென்னை மாநகராட்சிக்கு முதல் தேர்தல். 174 சதுர கிலோமீட்டர் ஊர் 426 சதுர கிலோமீட்டர் ஆனது. எண்ணூர்ப் பக்கத்துக் கத்திவாக்கமும், திருவொற்றியூரும் சென்னைக்குள் வந்துவிட்டன. நடு ஊரை விட்டுத் தள்ளிய சரக்கு, புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஓரத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது.

லாரிக் கதை இன்னும் சுவாரஸ்யம். பகலில் ஊருக்குள் கனரக வண்டி ஓடக் கூடாது. எனவே வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் வரிசை. காசிமேட்டுப் பக்கத்து ஜீரோ கேட் திறந்து உள்ளே போவதற்குள் டிரைவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு தெருவிலேயே முடிந்துவிடும். இதற்கு மருந்தாக, துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை கூவம் கரையோரமாக ஒரு பறக்கும் சாலை என்றார்கள். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பின. 2012ல் மாநில அரசு தடுத்தது. ஆற்றுக்குள் தூண் நிற்கிறது, வெள்ளம் ஓடாது என்பது அதன் வாதம். 2014ல் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அப்புறமும் தூண்கள் மொட்டை மொட்டையாய் நின்றதுதான் மிச்சம். கடைசியில் 2022 மே மாதம் புதிய ஒப்பந்தம், இரண்டடுக்குச் சாலை, பிரதமர் மோடி கையால் இன்னோர் அடிக்கல்.

அந்த 2022 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர். தமிழக அரசு, துறைமுகம், கடற்படை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம். சாலை ஓடப்போகிற ஊரின் மாநகராட்சி? அந்த நால்வரில் இல்லை.

இப்படித்தான் உலகம் முழுக்க என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் ஊர்ச்சபை, தானே கடன்பட்டு 1715ல் கப்பல்துறை கட்டியது. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் துறைமுகம் அதன் கையில்தான். சபை, ஊருக்கென்று வசூலித்த தீர்வை பக்கத்து மான்செஸ்டர் வியாபாரிகளுக்குக் கசந்தது. 1857ல் சட்டம் போட்டுத் தனி வாரியத்திடம் துறைமுகத்தை ஒப்படைத்தார்கள். அப்படியும் மான்செஸ்டருக்குத் திருப்தியில்லை. கடலே இல்லாத ஊர், எங்களுக்கும் துறைமுகம் வேண்டும் என்று 58 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது! கால்வாய்க் கம்பெனி பாதியில் திவாலாகிற நிலைமை. மான்செஸ்டர் மாநகராட்சி 50 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கம்பெனியின் 21 இயக்குநர்களில் 11 பேர் எங்கள் ஆட்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. 1894ல் கால்வாய் திறந்தது. பணம் கொடுக்கிறவனுக்கு நாற்காலி! சைல்டு துரையின் அதே கணக்கு.

ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமான ராட்டர்டாமைப் பாருங்கள். 2004 வரை அது மாநகராட்சியின் ஓர் இலாகா. பிறகு கம்பெனியாக்கினார்கள். இன்றைக்கும் சுமார் 70 சதவிகிதப் பங்கு ஊர்க்கையில். மீதி நாட்டு அரசாங்கத்துக்கு. துறைமுகம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்ற பேச்சில் ஊர் வேடிக்கை பார்க்கிற கட்சியாக இருக்காது.

நம் ஊருக்கு வருவோம். 2021ல் நாடாளுமன்றம் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய டிரஸ்ட் போய் ஆணையம் வந்தது. அதன் வாரியத்தில் யார் யாருக்கு இடம்? தலைவர், துணைத் தலைவர். மாநில அரசுக்கு ஒன்று. ரயில்வேக்கு ஒன்று. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒன்று. சுங்கத் துறைக்கு ஒன்று. மத்திய அரசு அதிகாரி ஒருவர். தொழிலாளர் சார்பில் இரண்டு பேர். சுயேச்சை உறுப்பினர்கள் இரண்டிலிருந்து நான்கு வரை. நல்ல பட்டியல்தான். மாநகராட்சிக்கு என்று தேடிப் பார்த்தால், ஒரு முக்காலிகூடக் கிடையாது.

மாநில அரசின் ஆள்தான் இருக்கிறாரே, அவர் ஊருக்காகவும் பேசமாட்டாரா? பேசலாம். ஆனால் அவர் கோட்டையின் ஆள். திருவொற்றியூர் வார்டுக்காரர் அவரைத் தெருமுனையில் மடக்கிக் கேள்வி கேட்க முடியாது. அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது.

துறைமுகத்தைத் திட்டிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அது இல்லாவிட்டால் சென்னையைச் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலை ஏது, இத்தனை வேலை ஏது? காசிமேடு மீன்பிடித் துறைமுகமே போர்ட் நிலத்தில்தான் இருக்கிறது. அங்கே மீன்வளத் துறையும் போர்ட்டும் ஒரு குழுவாக உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கிறார்கள். சண்டை வரும், குறை இருக்கும். ஆனால் பேச ஒரு மேஜை இருக்கிறது. ஒரு மீன்பிடித் துறைக்குச் சாத்தியமான மேஜை, மொத்த ஊருக்கும் ஏன் சாத்தியமில்லை? ஊரின் மேல் மண்ணையும் தூசியையும் லாரியையும் அனுப்பப்போகும் முன்னால், துறைமுகம் ஊர்ச்சபையிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்தால் போதும். ஊர்ச்சபையும் அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்கிற தயாரிப்போடு இருக்க வேண்டும். 2016லிருந்து 2022 வரை மறுபடியும் மாமன்றமே இல்லாமல் கிடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நாற்காலி கேட்கிறவன் முதலில் தன் வீட்டு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைக்கக் கூடாது அல்லவா?

அடுத்த முறை வோட்டு கேட்டு உங்கள் வார்டுக்காரர் வாசலுக்கு வருவார். குழாய், தெருவிளக்கு, குப்பைத் தொட்டி என்று வழக்கமான லிஸ்ட்டைப் படியுங்கள். அதெல்லாம் முடிந்ததும், "துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்குப் பேச இடம் இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.

அவர் விழிப்பார். பரவாயில்லை. கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டாவது போகட்டும்.